பிடிஆர்-எம்எஸ் கருவியில் கோளாறு: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி?

காற்றில் பிபிபி (நூறு கோடியில் ஒரு பங்கு), பிபிடி (லட்சம் கோடியில் ஒரு பங்கு) அளவில் கலந்திருக்கும் ஆவியாகும் கரிமச் சேர்மங்களை நொடிக்கு நொடி அளக்கப் பரவலாகப் பயன்படுவது புரோட்டான் பரிமாற்ற மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர், அதாவது அயனிகளை நிறைவாரியாகப் பிரித்து எண்ணும் கருவி. சுருக்கமாக பிடிஆர்-எம்எஸ். 1990களில் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் பல்கலைக்கழகத்தில் வெர்னர் லிண்டிங்கரின் குழு இதை உருவாக்கியது.

வேலை செய்யும் விதம் எளிது. அயனிகள் பிறக்கும் அறையான அயன் சோர்ஸில் நீராவிக்குள் மின்னிறக்கம் நடந்து ஹைட்ரோனியம் அயனிகள் (ஒரு புரோட்டான் கூடுதலாக ஒட்டிய தண்ணீர்) உண்டாகின்றன. அவை டிரிஃப்ட் டியூப் என்ற வினைக்குழாய்க்குள் மாதிரிக் காற்றோடு மோதுகின்றன. தண்ணீரைவிட இறுக்கமாகப் புரோட்டானைப் பிடித்துக்கொள்ளும் மூலக்கூறு எதிர்ப்பட்டால் புரோட்டான் அதற்குக் கைமாறுகிறது. தண்ணீரின் புரோட்டான் நாட்டம் மோலுக்கு 691 கிலோஜூல். பென்சீனுக்கு 750, அசிட்டோனுக்கு 812. நைட்ரஜன், ஆக்சிஜன், கார்பன் டையாக்சைடு, மீத்தேன் எல்லாமே 691க்குக் கீழே இருப்பதால் காற்றின் பெரும்பகுதி கருவியின் கண்ணில் படுவதே இல்லை. இத்தனை குறைந்த அளவுகளை எட்ட முடிவதற்கு இதுதான் அடிப்படை.

கோளாறு வரும்போது பெரும்பாலானவர்கள் தாங்கள் அளக்கும் சேர்மத்தின் பீக்கையே, அதாவது வரைபடத்தில் அதன் நிறையில் எழும் முகட்டையே, உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அங்கே விடை கிடைப்பது அரிது. அதோடு சேர்ந்து வேறு எது மாறியது, எது மாறாமல் நின்றது என்று பார்த்தால்தான் காரணம் பிடிபடும். அதற்கு நான்கு எண்கள் போதும்: நிறை 21, நிறை 32, நிறை 37, டிரிஃப்ட் டியூப் அழுத்தம். தினமும் வேலை தொடங்கும் முன் பூஜ்ஜியக் காற்றை (கரிமச் சேர்மங்கள் நீக்கிய சுத்தமான காற்றை) ஓட விட்டு இந்த நான்கையும் நோட்டில் எழுதி வையுங்கள். கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு சோதனைக்கும் அந்த நோட்டு வேண்டும். கருவி நன்றாக ஓடிய நாளின் எண்கள் கையில் இல்லாவிட்டால், இன்றைய எண்ணை எதோடு ஒப்பிடுவது?

இந்தக் கட்டுரையில் ‘நிறை’ என்று சொல்வதெல்லாம் நிறைக்கும் மின்னூட்டத்துக்கும் உள்ள விகிதத்தைத்தான். இங்கே வரும் அயனிகள் எல்லாம் ஒற்றை மின்னூட்டம் கொண்டவை என்பதால் இப்படிச் சொல்வதில் குழப்பம் வராது.

நிறை 21 சரிந்துகொண்டே போகிறது

ஹைட்ரோனியத்தின் நிறை 19. ஆனால் 19ஐ நேரடியாக எண்ணினால் டிடெக்டர் தாங்காது. அதனால் ஆக்சிஜன்-18 ஐசோடோப்பு உள்ள ஹைட்ரோனியத்தை 21இல் எண்ணி, சுமார் 500ஆல் பெருக்கிக்கொள்கிறோம். 21இல் நொடிக்கு 20,000 எண்ணிக்கை வந்தால் 19இல் ஏறத்தாழ ஒரு கோடி இருக்கிறது என்று பொருள்.

21 குறைந்தால் முதலில் 37ஐப் பாருங்கள். 37 ஏறியிருந்தால் அயனிகள் எங்கும் தொலையவில்லை. ஒரு தண்ணீர் மூலக்கூறு ஒட்டி 37க்கு இடம் மாறிவிட்டன, அவ்வளவுதான். அதற்கான வழி தனியாகக் கீழே இருக்கிறது.

37 ஏறவில்லை என்றால் மாதிரிக் குழாயைக் கழற்றிவிட்டுப் பூஜ்ஜியக் காற்றைக் கொடுங்கள். 21 சில நொடிகளில் பழைய இடத்துக்கு வந்துவிட்டதா? அப்படியானால் கருவியில் குறையே இல்லை. மாதிரியில் சேர்மங்கள் அளவுக்கு மீறி இருக்கின்றன, அவையே ஹைட்ரோனியத்தைத் தின்றுவிடுகின்றன. பிடிஆர்-எம்எஸ்ஸின் வழக்கமான கணக்கு, முதன்மை அயனி (ஹைட்ரோனியம்) கிட்டத்தட்டக் குறையாமல் இருக்கிறது என்ற அனுமானத்தில் நிற்பது. மாதிரியில் மொத்தச் சேர்மங்கள் பல பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவை எட்டும்போது அந்த அனுமானம் உடைகிறது. மாதிரியைச் சுத்தமான காற்றில் பத்து மடங்கு நீர்த்து மறுபடி அளந்து பாருங்கள். விடையும் சரியாகப் பத்தில் ஒன்றாக வந்தால் நீங்கள் பாதுகாப்பான எல்லைக்குள் இருக்கிறீர்கள். பத்தில் ஒன்றைவிட அதிகமாக வந்தால் முந்தைய அளவீடு குறைத்துக் காட்டியிருக்கிறது.

பூஜ்ஜியக் காற்றிலும் 21 தாழ்ந்தே இருந்து, கூடவே 32, 37 எல்லாம் ஒரே விகிதத்தில் குறைந்திருந்தால் சந்தேகம் டிடெக்டர் பக்கம் திரும்ப வேண்டும். டிடெக்டராக இருக்கும் எலக்ட்ரான் மல்டிப்ளையரின் மின்னழுத்தத்தை 50 வோல்ட் உயர்த்திப் பாருங்கள். டிடெக்டர் நல்ல நிலையில் இருந்தால் எண்ணிக்கை பெரிதாக மாறாது. அது சமதளத்தில் இருக்கிறது. எண்ணிக்கை சட்டென்று எகிறினால் டிடெக்டர் சரிவில் நின்றுகொண்டிருந்தது என்று பொருள். சமதளம் வரும் வரை சிறு படிகளாக உயர்த்தி அங்கேயே நிறுத்துங்கள். அதற்கு மேல் உயர்த்தினால் ஆயுள்தான் குறையும்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். தேய்ந்த டிடெக்டர் எல்லா நிறைகளையும் ஒரே மாதிரி இழப்பதில்லை. கனமான அயனி மெதுவாக வந்து மோதுவதால் குறைவான எலக்ட்ரான்களையே கிளப்பும். ஆகவே கனமான நிறைகளின் சிக்னல்தான் முதலில் சாகும். 21ஐ வைத்து நார்மலைஸ் செய்துவிட்டால், அதாவது எல்லா எண்ணிக்கையையும் அதால் வகுத்துவிட்டால், எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். டிடெக்டர் மின்னழுத்தத்தைத் தொட்ட நாளிலேயே டிரான்ஸ்மிஷன் வளைவையும் (எந்த நிறை அயனியில் எவ்வளவு பங்கு எண்ணப்படுகிறது என்ற வரைபடம்) புதிதாக எடுத்தாக வேண்டும்.

21 மட்டும் குறைந்து 30, 32 இரண்டும் ஏறியிருந்தால் சோர்ஸுக்குத் தண்ணீர் போதவில்லை. நீர்க்கலத்தின் மட்டம், நீராவி ஓட்டத்தின் அளவீடு, நடுவில் உள்ள வால்வு என்ற வரிசையில் பாருங்கள். மின்னிறக்கம் விட்டுவிட்டு மினுங்கினாலோ, பல வாரங்களாக மெல்ல மெல்ல நலிந்து வந்தாலோ சோர்ஸின் உள்பகுதியில் படிவு சேர்ந்திருக்கும். அதைச் சுத்தம் செய்யத்தான் வேண்டும். வேறு குறுக்குவழி இல்லை.

நிறை 32, 30 ஏறுகின்றன

32 என்பது ஆக்சிஜன் அயனி. 30 என்பது நைட்ரிக் ஆக்சைடு அயனி. காற்று எந்த வழியாகவோ சோர்ஸுக்குள் புகுந்து மின்னிறக்கத்தில் மாட்டும்போது இவை உண்டாகின்றன. முதன்மை அயனியில் இரண்டு மூன்று சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதியாக இருக்கலாம்.

இவை ஏன் தொல்லை? ஹைட்ரோனியம் தொடாத சேர்மங்களையும் ஆக்சிஜன் அயனி தொட்டுவிடும். நீண்ட ஆல்கேன்களை உடைத்துத் துண்டுகளாக்கி, இல்லாத பீக்குகளைக் கிளப்பும். பென்சீனிடமிருந்து எலக்ட்ரானைப் பறித்து அதை 79க்குப் பதிலாக 78இல் கொண்டுபோய் வைக்கும். இதையே ஒரு சோதனையாக வைத்துக்கொள்ளலாம். காலிபரேஷன் வாயுவில் (அளவு தெரிந்த சேர்மங்கள் கலந்த வாயு) பென்சீன் இருந்தால் 78க்கும் 79க்கும் உள்ள விகிதத்தைக் குறித்து வாருங்கள். அது ஏறும்போது ஆக்சிஜன் அயனி உங்கள் அளவீட்டில் தலையிடத் தொடங்கிவிட்டது.

காற்று எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டுபிடிக்க ஒரே சோதனை போதும். மாதிரிக்குப் பதிலாகத் தூய நைட்ரஜனைக் கொடுங்கள். 32 உடனே விழுந்துவிட்டால், ஆக்சிஜன் மாதிரியிலிருந்துதான் டிரிஃப்ட் டியூப் வழியாகப் பின்னோக்கிச் சோர்ஸுக்குள் போகிறது. நீராவி ஓட்டம், சோர்ஸ் வால்வு, இழுப்பு மின்னழுத்தங்கள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சரிசெய்ய வேண்டும். ஒன்றைத் திருப்பிவிட்டுச் சில நிமிடம் காத்திருந்து, பிறகே அடுத்ததைத் தொடுங்கள். நைட்ரஜனைக் கொடுத்தும் 32 அசையவில்லை என்றால் கசிவு சோர்ஸ் பக்கத்திலோ நீர்க்குழாய் இணைப்பிலோ இருக்கிறது.

நீர்க்கலத்தைப் புதிதாக நிரப்பிய நாளா? அப்படியென்றால் ஸ்பேனரைக் கையில் எடுக்காதீர்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் காற்றும் கலத்தின் மேல்பகுதியில் அடைபட்ட காற்றும் வெளியேறும் வரை 32 உயர்ந்துதான் இருக்கும். மேல்பகுதிக் காற்றைப் பம்ப் மூலம் இழுத்துவிட்டுப் பொறுத்திருங்கள்.

நிறை 37 ஏறுகிறது

37 ஏற இரண்டு காரணங்கள் உண்டு. மாதிரியில் ஈரப்பதம் கூடியிருக்கும், அல்லது டிரிஃப்ட் டியூபில் மோதல் ஆற்றல் குறைந்திருக்கும். பூஜ்ஜியக் காற்றும் மாதிரி அளவுக்கே ஈரமாக இருந்தால் அதை மட்டும் வைத்து இரண்டையும் பிரித்துப் பார்ப்பது எளிதல்ல.

மோதல் ஆற்றலைக் குறிக்கும் எண் ஈ/என். மின்புலத்தை வாயு அடர்த்தியால் வகுத்தால் கிடைப்பது, டவுன்சென்ட் என்ற அலகில் சொல்வார்கள். உதாரணத்துக்கு 9.3 சென்டிமீட்டர் நீள டியூப், 600 வோல்ட், 2.2 மில்லிபார், 60 டிகிரி செல்சியஸ் என்றால் ஈ/என் சுமார் 135 டவுன்சென்ட். அழுத்தம் மட்டும் 2.4க்கு நகர்ந்துவிட்டால் 124க்கு இறங்கிவிடும். திரையில் 0.2 மில்லிபார் வித்தியாசம் கண்ணில் படாமல் போகலாம். ஆனால் நீர்க்கொத்துகள் (37 போல, தண்ணீர் ஒட்டிய ஹைட்ரோனியம்) அதை உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆகவே 37 ஏறினால் முதலில் டிரிஃப்ட் அழுத்தம், பிறகு டியூபின் வெப்பநிலை, பிறகு உண்மையில் போய்ச் சேரும் மின்னழுத்தம். செட் செய்த எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள், அளந்து காட்டும் எண்ணைப் பாருங்கள். காலிபரேஷன் வாயுவில் ஆல்ஃபா-பைனீன் இருந்தால் இன்னொரு சாட்சி கையிலேயே இருக்கிறது. அது 137இல் முழுசாகவும் 81இல் உடைந்தும் வரும். மோதல் ஆற்றல் கூடினால் 81 கூடும், குறைந்தால் 137 கூடும். இந்த விகிதம் நேற்றைப்போலவே இருந்து 37 மட்டும் ஏறியிருந்தால் குற்றம் ஈரப்பதத்துடையது.

ஈரப்பதம்தான் காரணம் என்று தெரிந்தபின் என்ன செய்வது? உலர்த்தியைப் போட்டு ஈரத்தை எடுத்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். உலர்த்தி தண்ணீரோடு நீங்கள் அளக்க வந்த சேர்மங்களில் பாதியையும் உறிஞ்சிவிடும், முக்கியமாக ஆல்கஹால்களையும் அமிலங்களையும். ஈரத்தை அப்படியே விட்டுவிட்டு, அதே ஈரத்தில் காலிபரேஷன் செய்வதுதான் முறை. இதில் சேர்மங்களின் சுபாவமும் வேறுபடும். அசிட்டோன் போன்ற முனைவுள்ள மூலக்கூறு நீர்க்கொத்தோடும் வினைபுரிந்துவிடும், அதனால் அதன் சிக்னல் அதிகம் ஆடாது. பென்சீனுக்கும் டொலுவீனுக்கும் நீர்க்கொத்திடமிருந்து புரோட்டானைப் பறிக்கும் பலம் இல்லை. ஈரம் கூடக் கூட அவற்றின் உணர்திறன் இறங்கும். ஃபார்மால்டிஹைடு இன்னும் மோசம். அதன் புரோட்டான் நாட்டம் 713 கிலோஜூல், தண்ணீரைவிட 22தான் கூடுதல். வாங்கிய புரோட்டானைத் தண்ணீரிடமே திருப்பிக் கொடுத்துவிடும். ஈரப்பதத் திருத்தம் இல்லாமல் வெளியிடப்படும் ஃபார்மால்டிஹைடு எண்ணை நான் நம்புவதில்லை.

பூஜ்ஜியக் காற்றிலும் சிக்னல் வருகிறது

இதைத்தான் அதிகம் பேர் சந்திக்கிறார்கள், இதில்தான் நேரமும் அதிகம் விரயமாகிறது. பூஜ்ஜியக் காற்று சுத்தமில்லாமல் இருக்கலாம், கசிவு இருக்கலாம், குழாய்ச் சுவரிலிருந்து வரலாம், கருவிக்குள்ளேயே உண்டாகலாம். நான்கும் ஒரே மாதிரிதான் திரையில் தெரியும்.

பூஜ்ஜியக் காற்றிலிருந்து தொடங்குங்கள். 350 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக்கிய பிளாட்டினம் வினையூக்கி வழியாக மாதிரிக் காற்றையே செலுத்திச் சுத்தம் செய்வது நல்ல வழி, ஏனென்றால் ஈரப்பதம் அப்படியே தங்கும். கரி வடிகட்டி மெத்தனால் போன்ற சிறு மூலக்கூறுகளைச் சரியாகப் பிடிப்பதில்லை, ஈரப்பதத்தையும் மாற்றிவிடும். வினையூக்கி வேலை செய்கிறதா என்று சோதிக்க அதன் முன்பக்கம் காலிபரேஷன் வாயுவைச் செலுத்துங்கள். மறுபக்கம் கிட்டத்தட்ட எதுவும் வரக்கூடாது. வந்தால் ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். அப்போது சிக்னல் மறைந்தால் வினையூக்கி நன்றாகத்தான் இருக்கிறது, அதற்குக் கொடுத்த அவகாசம் போதவில்லை.

அடுத்தது கசிவு. உள்ளிழுக்கும் குழாயில் அழுத்தம் வெளியே இருப்பதைவிடக் குறைவு, அதனால் தளர்ந்த இணைப்பு வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். இதைப் பிடிக்கத் தனிக்கருவி வேண்டாம். உங்கள் மூச்சே போதும். மனித மூச்சில் அசிட்டோன் நூற்றுக்கணக்கான பிபிபி இருக்கும், ஐசோப்ரீனும் நூறு பிபிபி அளவில் இருக்கும். திரையில் அசிட்டோனின் 59ஐயும் ஐசோப்ரீனின் 69ஐயும் நொடிக்கு நொடி ஓட விட்டு, ஒவ்வொரு இணைப்பின் மேலும் மெதுவாக மூச்சு விடுங்கள். குழாயின் தாமத நேரம் கழித்து இரண்டு கோடுகளும் சேர்ந்து எழும்பினால் அந்த நட்டுதான். ஒரு இணைப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் அரை நிமிடம் விடுங்கள், இல்லாவிட்டால் எது எதற்கான எழுச்சி என்று தெரியாது. கரைப்பானில் நனைத்த பஞ்சைக் கொண்டுபோய் இணைப்பில் தேய்க்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கசிவு இருந்தால் அந்தக் கரைப்பான் உள்ளே போய் நாள்கணக்கில் உட்கார்ந்துகொள்ளும்.

கசிவும் இல்லை என்றால் பொருள்களைச் சந்தேகியுங்கள். பின்னணியில் தெரியும் நிறைகளே பல சமயம் குற்றவாளியைச் சொல்லிவிடும். 149 தெரிந்தால் தாலேட், அதாவது எங்கோ பிவிசி குழாய் இருக்கிறது. 223, 297, 371 வரிசையாகத் தெரிந்தால் சிலிக்கோன் ரப்பர் குழாயோ சிலிக்கோன் கிரீஸோ உள்ளே இருக்கிறது. 371 மட்டும் தனியாக ஏறி இறங்கினால், அறையில் இருப்பவர்கள் பூசியிருக்கும் டியோடரண்டு போன்றவற்றில் உள்ள சிலாக்ஸேன் காரணமாக இருக்கலாம். ஆள் வரும்போது ஏறி, போனபின் இறங்குவதைப் பார்த்தே உறுதி செய்துகொள்ளலாம்.

33இல் மட்டும் இறங்காத பின்னணி இருந்தால் உடனே மெத்தனால் என்று முடிவு கட்ட வேண்டாம். மெத்தனாலின் சரியான நிறை 33.033. ஆக்சிஜன் அயனியிலிருந்து வரும் பீக் 32.99 பக்கத்தில் நிற்கும். அயனிகளின் பறப்பு நேரத்தை வைத்து நிறையைக் காணும் டைம்-ஆஃப்-ஃபிளைட் கருவியில் இரண்டும் பிரிந்து தெரியும், முழு எண் நிறைகளை மட்டுமே பிரிக்கும் குவாட்ருபோல் வகைக் கருவியில் ஒன்றாகவே தெரியும். குவாட்ருபோல்காரர்கள் 32ஐக் குறைத்துப் பார்த்து, 33 கூடவே குறைகிறதா என்று பார்க்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகும் பின்னணி நின்றால், பழைய மாதிரியின் எச்சம் சுவரில் ஒட்டியிருக்கிறது. தயாரிப்பாளர் அனுமதிக்கும் உச்ச வெப்பநிலைக்குள் குழாயையும் டிரிஃப்ட் டியூபையும் சூடாக்கி, சுத்தமான ஈரக் காற்றை இரவு முழுவதும் ஓட விடுங்கள். உலர்ந்த நைட்ரஜனைவிட ஈரக் காற்று நன்றாக வேலை செய்யும். சுவரில் ஒட்டிய முனைவுள்ள மூலக்கூறுகளைத் தண்ணீர் தள்ளி வெளியேற்றும்.

சிக்னல் மெதுவாக ஏறி, அதைவிட மெதுவாக இறங்குகிறது

அசிட்டோனையும் அசிட்டிக் அமிலத்தையும் ஒரே சமயத்தில் கொடுத்துச் சட்டென்று நிறுத்துங்கள். இரண்டுமே மெதுவாக இறங்கினால் குழாயின் கொள்ளளவு அதிகம் அல்லது ஓட்டம் குறைவு. அசிட்டோன் உடனே இறங்கி அமிலம் மட்டும் வாலை நீட்டினால் சுவரில் ஒட்டுகிறது.

முதல் வகைக்குக் கணக்கே போதும். உள்விட்டம் 4 மில்லிமீட்டர், நீளம் 10 மீட்டர் உள்ள குழாயின் கொள்ளளவு சுமார் 126 மில்லிலிட்டர். கருவி நிமிடத்துக்கு 100 மில்லிலிட்டர்தான் இழுக்கிறது என்றால் காற்று வந்து சேரவே ஒன்றேகால் நிமிடம் ஆகும். அதை நிகழ்நேர அளவீடு என்று எப்படிச் சொல்வது? பக்கத்தில் ஒரு பம்பை வைத்து நிமிடத்துக்கு 5 லிட்டர் இழுத்து, கருவி அதிலிருந்து தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும்படி செய்தால் தாமதம் ஒன்றரை நொடியாகிவிடும்.

இரண்டாவது வகைக்கு எஃகுக் குழாய் இருந்தால் அதை எடுத்துவிட்டு பிஎஃப்ஏ என்ற ஃபுளோரோ பிளாஸ்டிக் குழாய் போடுங்கள். 60 முதல் 80 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குங்கள், நீளத்தை வெட்டுங்கள். சூடாக்கும்போது இணைப்பு நட்டுகளையும் சேர்த்து மூட வேண்டும். குழாய் முழுவதும் 70 டிகிரியில் இருந்து ஒரே ஒரு நட்டு அறை வெப்பத்தில் இருந்தாலும் ஈரமான மாதிரி அங்கே குளிர்ந்து தண்ணீராகத் தேங்கும். அமிலங்களும் ஆல்கஹால்களும் அந்தத் துளியில் கரைந்துபோகும். கையால் தொட்டுப் பார்த்தாலே அந்த இடம் தெரிந்துவிடும்.

காலிபரேஷன் வாயுவின் அளவோடு விடை பொருந்தவில்லை

எது பொருந்தவில்லை என்பதில்தான் விடை. எல்லாச் சேர்மங்களும் ஒரே விகிதத்தில் தப்பாக வந்தால் கருவியைத் தொடாதீர்கள், நீர்த்தலைப் பாருங்கள். 1 பிபிஎம் வாயுவை நிமிடத்துக்கு 10 மில்லிலிட்டர் எடுத்து 990 மில்லிலிட்டர் காற்றில் கலந்தால் 10 பிபிபி. அந்தப் பத்து மில்லிலிட்டர் உண்மையில் ஒன்பதாக இருந்தால் எல்லாமே பத்து சதவீதம் குறையும். ஃப்ளோ கண்ட்ரோலரின் எண்ணை நம்பாமல் தனி ஃப்ளோ மீட்டரால் அளந்து பாருங்கள்.

கனமானவை மட்டும் குறைந்தால் டிரான்ஸ்மிஷன் வளைவு பழசாகிவிட்டது. பென்சீனும் டொலுவீனும் மட்டும் குறைந்தால் ஈரப்பதம். எத்தனால், புரோப்பனால் மட்டும் குறைந்தால் அவை தண்ணீரை இழந்து உடைந்திருக்கின்றன. புரோப்பனாலை 61இல் தேடினால் கிடைக்காது, பெரும்பகுதி 43இல் இருக்கும். முதல் ஒரு மணி நேரம் மட்டும் குறைவாக வந்து பிறகு சரியானால் சிலிண்டரின் ரெகுலேட்டர். இரவு முழுவதும் மூடிக் கிடந்த ரெகுலேட்டரில் தேங்கிய வாயு, சிலிண்டருக்குள் இருக்கும் வாயு அல்ல. திறந்து சில தடவை நிரப்பி வெளியேற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

டொலுவீன் இருக்க வழியில்லாத இடத்தில் 93 எகிறுகிறது

இதை விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. நல்ல கருவி, சரியான காலிபரேஷன், சுத்தமான பூஜ்ஜியம் எல்லாம் இருந்தும் தவறான முடிவுக்குக் கொண்டுபோகக்கூடிய அறிகுறி இது.

டொலுவீனின் நிறை 93.070. இப்போது அறையில் ஒருவர் சானிடைசர் போட்டுக் கையைத் துடைக்கிறார் என்று வையுங்கள். எத்தனால் பல பிபிஎம் அளவுக்குப் போய்விடும். முதலில் 47 எழும்பும், அது எத்தனாலின் சொந்த இடம். அப்புறம் 65, எத்தனாலோடு ஒரு தண்ணீர் ஒட்டியது. அதன் பிறகு 93. இரண்டு எத்தனால் மூலக்கூறுகள் ஒரு புரோட்டானைப் பகிர்ந்துகொண்டு நிற்கும் ஜோடி, நிறை 93.091. டொலுவீனுக்கும் இதற்கும் இடைவெளி 0.021தான். பிரித்துப் பார்க்க 4,400க்கு மேல் பிரிதிறன் (நிறையை அந்த இடைவெளியால் வகுத்த எண்) வேண்டும். குவாட்ருபோலுக்கு அது எட்டவே எட்டாது.

47, 65, 93 மூன்றும் ஒரே நொடியில் எழும்பி ஒரே நொடியில் இறங்கினால் அது டொலுவீன் இல்லை. சந்தேகம் தீர மாதிரியைப் பாதியாக நீர்த்துப் பாருங்கள். உண்மையான டொலுவீன் என்றால் 93 பாதியாகும். எத்தனால் ஜோடி என்றால் பாதிக்கும் கீழே, கிட்டத்தட்ட நான்கில் ஒன்றாக விழும், ஏனென்றால் அது உருவாக இரண்டு மூலக்கூறுகள் வேண்டும். இதே சோதனை அசிட்டோன் ஜோடிக்கும் செல்லும், அது 117இல் வரும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னும் இரண்டு. 79 எல்லாம் பென்சீன் இல்லை, எத்தில்பென்சீன் உடைந்தாலும் 79 வரும். எத்தில்பென்சீனின் சொந்த இடமான 107 கூடவே ஏறியிருக்கிறதா பாருங்கள். 69 எல்லாம் ஐசோப்ரீன் இல்லை. ஃபியூரானும் அதே முழு எண்ணில்தான் நிற்கும் (69.033, ஐசோப்ரீன் 69.070). சமையல் புகையில் உள்ள நீண்ட ஆல்டிஹைடுகள் உடைந்தால் ஐசோப்ரீனின் அதே வாய்பாட்டிலேயே 69.070இல் வந்து விழும், அதை எந்தப் பிரிதிறனாலும் பிரிக்க முடியாது. அங்கே ஈ/என்னை மாற்றிப் பார்ப்பதும், சேர்மங்களை முதலிலேயே பிரித்து அனுப்பும் வாயுக் குரோமட்டோகிராஃபை முன்னால் சேர்ப்பதும்தான் வழி. ஒரு நிறையை வைத்துக்கொண்டு ஒரு சேர்மத்தின் பெயரை எழுதும் முன், அந்த நிறைக்கு வேறு யாரெல்லாம் உரிமை கோரலாம் என்று ஒரு நிமிடம் யோசிப்பது அளப்பவரின் கடமை.

பீக்குகள் இடம் நகர்கின்றன

டைம்-ஆஃப்-ஃபிளைட் கருவிகளில் அறை வெப்பம் மாறும்போது பறப்புக் குழாய் நீளும், சுருங்கும், நிறை அளவுகோலும் கூடவே நகரும். தொடர்ந்து திருத்திக்கொண்டிருப்பதே தீர்வு. கீழ்ப்பக்கத்துக்கு 21.022ஐயும், மேல்பக்கத்துக்கு உள்ளேயே சிறிதளவு கசியவிடும் டைஅயோடோபென்சீனின் 203.943, 330.848 இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். டிடெக்டரை நிறைத்துவிடும் அளவுக்கு உயர்ந்த பீக்கை அளவுகோலுக்குப் பயன்படுத்தாதீர்கள். நிறைந்துபோன பீக்கின் மையம் இடம் பெயர்ந்து, மற்ற எல்லாவற்றையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும்.

கூர்முனைகளும் அலைகளும்

எல்லா நிறைகளும் ஒரே கணத்தில் துள்ளினால் மின்சாரக் கோளாறு. எல்லாம் ஒரே கணத்தில் விழுந்தால், 21உம் சேர்ந்து, டிரிஃப்ட் டியூபில் உயர் மின்னழுத்தம் பொறி அடிக்கிறது. ஒன்றிரண்டு சேர்மங்கள் மட்டும் துள்ளினால் அது பெரும்பாலும் உண்மை, யாரோ எதையோ திறந்திருக்கிறார்கள். சீரான அலைபோல எல்லாம் ஏறி இறங்கினால் டிரிஃப்ட் அழுத்தத்தையும் அறை வெப்பநிலையையும் அதே நேர அச்சில் வரைந்து பாருங்கள். குளிர்சாதனம் ஓடி நிற்கும் தாளத்தோடு ஒத்துப்போனால் கருவியைப் பிரிக்க வேண்டிய அவசியமே இல்லை, குளிர்காற்று நேராக மேலே அடிக்காமல் திருப்பிவிட்டால் போதும்.

சிக்னல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை

பின்னணி நொடிக்கு 20 எண்ணிக்கை, உணர்திறன் ஒரு பிபிபிக்கு 100 எண்ணிக்கை என்று கொள்வோம். எண்ணிக்கையின் தற்செயல் ஆட்டம் அதன் வர்க்கமூலம், சுமார் 4.5. அதன் மூன்று மடங்கை உணர்திறனால் வகுத்தால் ஒரு நொடி அளவீட்டின் கண்டறியும் எல்லை சுமார் 130 பிபிடி. நூறு நொடி சராசரி எடுத்தால் 13 பிபிடி. இன்னும் நீட்டினால் இன்னும் குறையும் என்று காகிதம் சொல்லும், கருவி சொல்லாது. அதற்குள் பின்னணியே மெல்ல நகர்ந்திருக்கும். பூஜ்ஜியக் காற்றை ஒரு மணி நேரம் ஓட விட்டு, 1, 10, 100, 1000 நொடிச் சராசரிகளின் சிதறலை வரைந்தால் எந்த இடத்தில் குறைவது நிற்கிறது என்று தெரியும். அந்த இடத்தைவிட நீளமாகச் சராசரி எடுப்பதில் பயனில்லை, அந்த இடைவெளிக்குள் ஒருமுறையாவது பூஜ்ஜியத்துக்கு மாற வேண்டும்.

குவாட்ருபோலில் இன்னொரு கணக்கும் உண்டு. அது நிறைகளை ஒவ்வொன்றாகத்தான் பார்க்கும். 40 நிறைகளைத் தலா அரை நொடி பார்த்தால் ஒரு சுற்றுக்கு 20 நொடி, ஒரு மூச்சு அதற்குள் முடிந்துவிடும். பட்டியலை எட்டாகக் குறைத்தால் 4 நொடி. 21ஐயும் 37ஐயும் 32ஐயும் அந்த எட்டிலிருந்து நீக்கிவிடாதீர்கள், இடம் பிடிக்கிறதே என்று முதலில் வெட்டப்படுவது அவைதான்.

பூஜ்ஜியத்தைக் கழித்தபின் சில புள்ளிகள் எதிர்க்குறி எண்களாக வரும். அவற்றை அழிக்கவோ பூஜ்ஜியமாக மாற்றவோ கூடாது. அப்படிச் செய்தால் மீதமுள்ளவற்றின் சராசரி மேலே தள்ளப்பட்டு, இல்லாத சேர்மம் இருப்பதாகக் காட்டும். எண்ணை அப்படியே வைத்து, கண்டறியும் எல்லைக்குக் கீழே என்று பக்கத்துப் பத்தியில் குறியிட்டு, அந்த எல்லையையும் எத்தனை நொடிச் சராசரிக்கானது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.